யந்திர வைத்தியர்

காலையில் நாம் அருந்தும் ஒரு டம்ளர் காப்பியைப் பற்றிச் சற்று யோசித்துப் பாருங்கள். கொட்டை குடகிலோ சேர்வராயன் மலையிலோ விளைந்தது. சர்க்கரை எங்கோ ஒரு ஜில்லாவில் காய்ச்சப்பட்டது. பால் வேறொரு தாலுகாவிலிருந்து விடிவதற்கு முன்பே புறப்பட்டு வந்தது. காப்பியைத் தாங்கி நிற்கும் எவர்சில்வர் டம்ளரின் தகடுகூட ஏதோ ஒரு தூர தேசத்து ஆலையில் உருட்டப்பட்டதாக இருக்கலாம். இவையெல்லாம் ஏதோ ஓர் இரவில், ஏதோ ஒரு லாரியின் முதுகில் ஏறித்தான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தன.

விளைவித்த விவசாயியை நாம் வாழ்த்துகிறோம். விலையை ஏற்றிய வியாபாரியை வைகிறோம். லாரி ஓட்டி வந்த டிரைவரையாவது எப்போதாவது நினைத்துக் கொள்கிறோம். அந்த லாரி நடுக்காட்டில் நின்றுவிடாமல் பார்த்துக் கொண்டவர் ஒருவர் உண்டே, அவரை யார் நினைக்கிறார்கள்? வண்டி நிற்கும்போதுதான் அவருடைய ஞாபகம் வருகிறது. வண்டி ஓடத் தொடங்கியதும் அந்த ஞாபகமும் கூடவே ஓடிப் போய்விடுகிறது.

மோட்டார் மெக்கானிக் என்று உலகம் அவரை அழைக்கிறது. யந்திர வைத்தியர் என்று அழைப்பதே பொருத்தம் என்பது நம்முடைய அபிப்பிராயம். இது வெறும் முகஸ்துதி அன்று. நோயாளி வாய் திறந்து சொல்ல முடியாத நோயை, சத்தத்தையும் புகையையும் சூட்டையும் நாற்றத்தையும் கொண்டு அறிந்து சொல்வது கைவேலை மட்டுமா? அது மூளை வேலை அல்லவா? இப்போது அந்த வைத்தியருக்கே ஒரு சோதனைக் காலம் வந்திருக்கிறது. அதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரித்துப் பார்த்தவர்கள்

நம் நாட்டில் மோட்டார்த் தொழில் கல்லூரி வாசலிலிருந்து புறப்பட்டு வந்ததல்ல. பிரித்துப் பார்க்கும் ஆசை படைத்தவர்களின் கைகளிலிருந்து பிறந்தது அது.

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களைத் தமிழ் நாட்டில் அறியாதார் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் அவ்வளவாகப் பொருத்தம் இருந்ததில்லை. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டது முதல் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊரைச் சுற்றி வந்தாரா? இல்லை, பிரித்துப் போட்டார்! பிறகு மறுபடியும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விடத் தொடங்கியதும், 1937-இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்ததும், 1945-இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்விச் சாலை ஏற்படக் காரணமாயிருந்ததும், எல்லாம் அந்த ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த கையின் வேலைதான்.

மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள் பஸ் தொழிலை வளர்த்த கதையும் இதைப் போன்றதே. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் நாட்டில் பஸ்கள் முடங்கின. அப்பொழுது அவர் கரி வாயுவில் பஸ் ஓடுவதற்கான ஒரு சாதனத்தைச் செய்து வெளியிட்டார். வண்டியோடு ஒரு கணப்பைப் பூட்டி, அதில் கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து வரும் வாயுவை வடிகட்டி என்ஜினுக்குள் செலுத்துவது அதன் சூக்ஷ்மம். பெட்ரோலில் கிடைக்கும் பலம் கரி வாயுவில் கிடைக்காது. கரியும் சாம்பலும் குழாய்களில் அடைத்துக் கொள்ளும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் பாதி கருமாராகவும் பாதி சமையற்காரராகவும் இருந்து அந்த பஸ்களை ஓட வைத்தார்கள் என்றால் மிகையாகாது.

அந்தப் பரம்பரை இன்று ஊர் ஊராகப் பரவி நிற்கிறது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். சங்ககிரியில் லாரித் தொழிலே ஊர்த் தொழிலாக இருக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும், கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றன. வண்டி எங்கே போகிறதோ அங்கே அதனுடைய வைத்தியரும் போக வேண்டியதுதான். மொழி தெரியாத ஊரில், மூன்று கற்களை அடுப்பாக வைத்துச் சோறு பொங்கிக் கொண்டு, கம்ப்ரஸருக்கு அடியில் படுத்துக் கிடக்கும் சேலம், நாமக்கல் ஜில்லாக்காரர்கள் எத்தனையோ பேர்!

நாடி பார்க்கும் வித்தை

ஒரு விடுமுறை நாளில், சங்ககிரிக்குப் போகும் சாலையோரத்தில் உள்ள ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்தது. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே தகரக் கொட்டகை; கீழே எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப் போன மண் தரை. மேஸ்திரிக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

ஆறு சிலிண்டர் லாரி ஒன்று முனகிக் கொண்டே வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, "அண்ணே, மேடு ஏறமாட்டேங்குது. இழுவையே இல்லை" என்றார்.

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. "எத்தனை நாளா?" என்று கேட்டார். "பாரத்தோடயா, காலியாப் போறப்பவுமா? டீசல் எங்கே போட்டே? ஃபில்டர் மாத்தி எவ்வளவு நாளாச்சு? புகை என்ன நிறம்?" என்று வரிசையாகக் கேள்விகள் வந்தன. நல்ல வைத்தியர் நோயாளியின் கையைப் பிடிப்பதற்கு முன், என்ன சாப்பிட்டாய், எப்போது படுத்தாய் என்று விசாரிப்பாரே, அதே முறைதான்.

புகையின் நிறத்தை அவர் கேட்டது வீண் விசாரணை அன்று. டீசல் என்ஜினின் நாக்கு அதன் புகைதான். கறுப்புப் புகை வந்தால், உள்ளே போன டீசல் முழுவதும் எரியவில்லை என்று அர்த்தம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நாசில் பழுதாகியிருக்கலாம், அல்லது பாரம் அளவுக்கு மீறியிருக்கலாம். நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கக் கூடும். வெள்ளைப் புகை வந்தால், டீசல் எரியாமல் ஆவியாகிப் போகிறது; அல்லது என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் எங்கேயோ உள்ளே கசிகிறது. ஒரே குழாய், மூன்று நிறம், மூன்று நோய்!

இந்த லாரியின் புகை கறுப்பு. காற்று வடிகட்டி சுத்தமாகவே இருந்தது. மேஸ்திரி என்ஜினை ஓட விடச் சொன்னார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை என்ஜினின் மேல் வைத்து, பிடியைத் தம் காதில் வைத்துக் கொண்டார். டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிறகு பக்கத்தில் நின்ற இளைஞனிடம், "தம்பி, ஒவ்வொண்ணா இளக்கு" என்றார்.

இளைஞன் நாசிலுக்கு டீசல் கொண்டு செல்லும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி, மறுபடி இறுக்கிக் கொண்டே போனான். ஒரு குழாயைத் தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. அது ஒழுங்காக வேலை செய்து கொண்டிருந்த சிலிண்டரானால், உடனே என்ஜினின் தாளம் தப்பும். முன்பே செத்துக் கிடக்கும் சிலிண்டரானால் தாளத்தில் மாறுதலே இராது. முதலாவது, தாளம் தப்பிற்று. இரண்டாவது, தப்பிற்று. மூன்றாவதும் அப்படியே. நான்காவதைத் தளர்த்தியபோது என்ஜின் லக்ஷியமே செய்யவில்லை.

"நாலாவது நாசில். கழட்டு" என்றார் மேஸ்திரி.

கழற்றிச் சோதனைக் கருவியில் பொருத்தி அழுத்தினார்கள். பனிமூட்டம் போலப் பீச்ச வேண்டிய டீசல், மூக்கு ஒழுகுவது போலச் சொட்டிற்று. புது நாசில் போட்டதும் லாரியின் குரலே மாறிவிட்டது. டிரைவர் முகத்திலும் களை வந்தது.

"எப்படி ஐயா இவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்கள்?" என்று கேட்டோம்.

"யந்திரம் பொய் சொல்லாதுங்க, வாத்தியாரய்யா. அது சொல்றதைக் கேக்கறதுக்கு முந்தியே நாமதான் ஸ்பேனரை எடுத்துடறோம்" என்றார் அவர். தர்க்க சாஸ்திரம் முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக நம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்பது சந்தேகந்தான்.

டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறிவிடுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சியதும் தானே பற்றிக் கொள்கிறது. அதைப் பீச்சும் பம்பினுள் ஏறி இறங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் இரண்டு மூன்று கூறுதான். அந்த இடைவெளியில் ஒரு தூசி புகுந்தாலும் வைத்தியம் வேண்டியிருக்கும். சாலைப் புழுதிக்கு நடுவே உட்கார்ந்து கொண்டு இவ்வளவு நுட்பமான உறுப்புக்களைச் சுத்தம் கெடாமல் பிரித்துப் பூட்டுகிறார்களே, அதுதான் ஆச்சரியம்.

மலையை நகர்த்தும் எண்ணெய்

லாரியாவது பட்டறை தேடி வரும். மண் வெட்டும் யந்திரமும் கல் உடைக்கும் யந்திரமும் வருமா? வைத்தியர்தான் நோயாளி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கல் குவாரி, அணைக்கட்டு, சுரங்கம், மலைச் சாலை என்று, வெயிலிலும் சேற்றிலும், சில சமயம் நடு இரவில் கை விளக்கைப் பிடித்துக் கொண்டும் வேலை செய்ய வேண்டும்.

நம் ஜனங்கள் இந்த யந்திரங்களுக்குத் தாங்களே பெயர் வைத்து விட்டார்கள். முன்னால் அகப்பையும் பின்னால் கொக்கிக் கையும் உடைய மஞ்சள் வண்டி எந்தக் கம்பெனி செய்ததானாலும் அது 'ஜேசிபி'தான். சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து, முழு உடம்பையும் சுழற்றி மண் அள்ளும் பெரிய யந்திரம் 'பொக்லைன்'. முன்னது ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் பெயர். பின்னது பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் பெயர். கம்பெனிக்காரர்கள் கனவிலும் எதிர்பாராத விதமாக அவை தமிழ்ச் சொற்களாகிவிட்டன!

இந்த யந்திரங்களுக்கு எத்தனை மைல் ஓடிற்று என்பது கணக்கில்லை. எத்தனை மணி நேரம் உழைத்தது என்பதே கணக்கு. அதற்கென்று ஒரு கடிகாரம் உள்ளே இருக்கிறது. இத்தனை மணிக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும், இத்தனை மணிக்கு ஒரு முறை வடிகட்டி மாற்ற வேண்டும் என்று பத்தியம் உண்டு. தினந்தோறும் காலையில் ஒவ்வொரு மூட்டுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் தவறினால் மூட்டிலுள்ள பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, கை ஆடத் தொடங்கும். மனிதருக்கு வரும் மூட்டு வாதமும் இப்படித்தானே சத்தமில்லாமல் வருகிறது?

இவ்வளவு பெரிய இரும்புக் கைக்கு எங்கிருந்து பலம் வருகிறது? பூட்டி வைத்த திரவத்தின் ஓர் இடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டு சொன்னார். பள்ளிக்கூடத்தில் நாம் பாடமாகச் சொல்லிக் கொடுத்து, மாணவர்கள் பரீட்சை எழுதி மறந்து போகிறார்களே, அதே விதிதான். மோட்டார் காரின் டயருக்குள் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2 மடங்கு. பெரிய மண்வெட்டி யந்திரத்தின் எண்ணெய்க் குழாயிலோ அது சுமார் 350 மடங்கு வரை போகிறது. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் மேல் அந்த அழுத்தம் விழுந்தால் அது ஏறக்குறைய 40 டன் எடையைத் தள்ளும்.

பலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே அபாயமும் இருக்கிறது. ரப்பர்க் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், அதிலிருந்து சீறும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்த்தால், எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும்; முதலில் வலியும் அதிகம் இராது. 'சின்னக் காயந்தானே' என்று அசட்டையாக இருந்தால் சில மணி நேரத்தில் கை வீங்கி, சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்க நேரிடலாம். தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் தோலுக்குள் புகுந்தது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட அட்டைத் துண்டுதான் கருவி, கை அல்ல. அகப்பையைத் தரையில் இறக்கி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். வீட்டில் பிள்ளையோ தம்பியோ கணவரோ இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஒரு பாராவை மட்டுமாவது அவருக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக் கொள்கிறோம்.

இன்னும் சில எமன்கள் உண்டு. டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கி நிறுத்தி, கீழே முட்டுக் கொடுக்காமல் அடியில் புகுவது ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பி, தாங்கி வைக்காமல் வண்டிக்கு அடியில் படுப்பது இன்னொன்று. இரும்பு வளையம் போட்டுப் பூட்டும் பெரிய சக்கரங்களுக்குக் கூண்டில் வைக்காமல் காற்று அடிப்பது மற்றொன்று. வளையம் தெறித்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் பரிகாரம் ஒரு கட்டை, ஒரு தாங்கி, ஒரு கூண்டு. விலை அதிகமில்லை. 'அஞ்சு நிமிஷ வேலைதானே' என்ற எண்ணந்தான் பெரும்பாலும் உயிரை வாங்குகிறது.

குருகுல வாசம்

இந்த வித்தையை எப்படிக் கற்கிறார்கள்? பழைய குருகுல முறையில்தான். முதல் வருஷம் உறுப்புக்களை டீசலில் கழுவ வேண்டும். டீ வாங்கி வர வேண்டும். கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டி, "பதினேழு" என்பார். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் அந்தக் கையில் விழ வேண்டும். சில நாளில், அவர் கேட்பதற்கு முன்பே அடுத்து எந்த நம்பர் தேவைப்படும் என்று சீடனுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குத்தான் அவனுடைய படிப்பு ஆரம்பமாகிறது. பிறகு சக்கரம், பிரேக், கிளட்ச், கியர் பாக்ஸ் என்று படிப்படியாக ஏறி, கடைசியில்தான் என்ஜினைத் தொட அனுமதி.

இந்த முறையில் நன்மை இருப்பது போலவே தீமையும் உண்டு. திட்டும் குட்டும் பாடத் திட்டத்தின் பகுதியாகவே இருந்து வந்தன. பத்து வயதுச் சிறுவர்கள் பட்டறையில் கிரீஸ் பூசிய முகத்தோடு நின்றதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயது நிரம்பாத பிள்ளைகளைத் தொழில்களில் அமர்த்துவதையும், 18 வயது நிரம்பாதவர்களை அபாயமான தொழில்களில் அமர்த்துவதையும் தடுக்கிறது. அது நல்ல சட்டம். கண்டிப்பாக அமலாக வேண்டிய சட்டம்.

முறையாகக் கற்க வழி இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் தொழிற் பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டு வருஷமும், டீசல் மெக்கானிக் பிரிவில் ஒரு வருஷமும் படிக்கலாம். பெண்களும் சேரலாம். 1961-ஆம் ஆண்டின் தொழிற் பழகுநர் சட்டத்தின்படி பெரிய தொழிற்சாலைகளில் உதவித் தொகையோடு பழகவும் இடம் உண்டு. இருந்தும், சாலையோரப் பட்டறைகளில் இன்று தலைநரைத்து நிற்கும் மேஸ்திரிகளில் பெரும்பாலோர் இந்தக் கதவுகள் வழியாக வந்தவர்கள் அல்ல. அவர்களுடைய பல்கலைக் கழகம் அந்தக் கறுத்த மண் தரைதான்.

காது கேளாத காலம்

அந்த மேஸ்திரியிடம், குழாயைத் தளர்த்திப் பார்க்கும் யுக்தி எல்லா லாரிக்கும் பொருந்துமா என்று கேட்டோம். அவர் சிரித்தார். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு அன்று.

"புது வண்டியிலே அப்படிச் செஞ்சா கை போயிடுமுங்க" என்றார்.

உண்மைதான். பழைய பம்பில் நாசில் திறக்கும் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 200 மடங்கு. புது என்ஜின்களில் எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை 1,600 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் தேக்கி வைக்கிறார்கள். ஓடும் என்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தினால், தெறிக்கும் டீசல் கத்தி போல அறுக்கும். முப்பது வருஷம் சோறு போட்ட வித்தை இன்று உயிருக்கு உலை வைக்கும் வித்தையாகிவிட்டது!

புகையைக் குறைக்க வேண்டும், நகரங்களில் மக்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு இந்தியாவில் 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் விதி அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய நாலாம் விதியின்படி பத்து லட்சம் பங்கு டீசலில் 50 பங்கு கந்தகம் இருக்கலாம். ஆறாம் விதியின்படி 10 பங்குக்கு மேல் கூடாது. புகைக் குழாயில் கரித்தூளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி வந்தது. லாரிகளில், நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த நீரைப் பீச்சி நச்சு வாயுவைத் தணிக்கும் ஏற்பாடும் வந்தது. இவற்றையெல்லாம் ஆட்டி வைக்க ஒரு கணிப்பொறி. அதற்குச் செய்தி சொல்ல உடம்பெங்கும் உணர் கருவிகள். நரம்பு போல மின் கம்பிகள். ஏதாவது ஒன்று பிசகினால் முகப்பில் விளக்கு எரிகிறது. சில கோளாறுகளில் என்ஜின் தன் பலத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. புகையோ நிறம் காட்டுவதில்லை. நோயாளி நாக்கை நீட்ட மறுத்தால் வைத்தியர் என்ன செய்வார்?

இதற்கென்று ஸ்கேனர் என்ற கருவி இருக்கிறது. வண்டியில் உள்ள துளையில் அதைச் செருகினால் கோளாறு இன்னதென்று ஓர் எண்ணைக் காட்டும். 'அப்படியானால் மெக்கானிக்குக்கு வேலையே இல்லையே, கருவியே சொல்லிவிடுமே!' என்று சிலர் நினைக்கக் கூடும். அது சரியல்ல. தெர்மாமீட்டர் ஜுரம் 103 டிகிரி என்று சொல்லும். மலேரியாவா டைபாய்டா என்று சொல்லுமா? உணர் கருவி ஒன்று கெட்ட செய்தி அனுப்புகிறது என்று ஸ்கேனர் சொல்லும். அந்தக் கருவியே கெட்டதா, அதற்குப் போகும் கம்பியை எலி கடித்ததா, இணைப்பில் தண்ணீர் புகுந்ததா, அல்லது என்ஜினில் நிஜமாகவே நோயா என்பதை மனிதர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். யோசிக்காதவர் விலை உயர்ந்த உறுப்பை மாற்றிவிட்டு, விளக்கு மறுபடி எரிவதைப் பார்த்து விழிப்பார். ஆகவே, கேள்வி கேட்டுக் கேட்டுக் காரணத்தை நெருங்கும் அந்தப் பழைய புத்தி இன்றைக்கும் செல்லுபடியாகும். முன்னைவிட அதிகமாகவே தேவைப்படும். அந்தப் புத்தியோடு புது எழுத்தும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் இடறுகிறது. விவரப் புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷில் இருக்கின்றன. கருவிகளின் விலை சிறு பட்டறைகளுக்கு எட்டுவதாயில்லை. சில விவரங்களைக் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பட்டறைகளுக்கு வெளியே விடுவதும் இல்லை. பொருளை வாங்கியவருக்கு அதைத் தமக்கு இஷ்டமான இடத்தில் பழுது பார்த்துக் கொள்ளும் உரிமை வேண்டும் என்ற கிளர்ச்சி பல நாடுகளில் நடந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் இதற்காக ஒரு கமிட்டி அமைத்தது. மோட்டார் வண்டிகளும் விவசாய யந்திரங்களும் அதன் விசாரணையில் இடம் பெற்றன. அவ்வருஷம் டிசம்பரில் பழுது பார்க்கும் விவரங்களை ஒரே இடத்தில் தரும் இணைய வாயில் ஒன்றும் திறக்கப்பட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் சாலையோரப் பட்டறைக்காரருக்குப் புரியும் மொழியில், அவருக்குக் கைகூடும் விலையில் அது போய்ச் சேர்ந்தால்தான் பலன்.

'புது வண்டிகள் கம்பெனிப் பட்டறைக்குப் போகட்டுமே, நமக்கென்ன?' என்று இருந்துவிட முடியாது. நடு இரவில் மலைச் சாலையில் ரொட்டியும் மருந்தும் ஏற்றிக் கொண்டு நிற்கும் லாரிக்குக் கம்பெனிப் பட்டறை எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறதோ! ஒற்றை லாரியைக் கடன் வாங்கி ஓட்டும் குடும்பத்துக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் அடுப்பு நிற்கும். கிராமத்துக் குடியானவரின் டிராக்டர் விதைப்புக் காலத்தில் நின்றால் ஒரு போகமே போகும். இவர்களுக்கெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் அந்தத் தகரக் கொட்டகைக்காரர்தான். அவர் கைவிடப்பட்டால் இவர்களும் கைவிடப்பட்டவர்களே.

நாம் செய்யக் கூடியது

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்குகளும் தொழிற் பயிற்சி நிலையங்களும் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக் கிழமைகளிலும் மேஸ்திரிகளுக்கென்று வகுப்பு நடத்தலாம். 'பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே?' என்று வாசலில் நிறுத்தி வைக்காமல், இருபது வருஷ அனுபவத்தையே சான்றிதழாக ஏற்றுக் கொள்ளலாம். மின்சாரம், உணர் கருவி, ஸ்கேனர் இவை பற்றி நல்ல தமிழில் படங்களோடு கையடக்கப் புத்தகங்கள் எழுதலாம். புதிய சொற்களை ஆக்கிச் சிரமப்பட வேண்டாம். நாசிலை நாசில் என்றே எழுதினால் போதும். பட்டறைக்காரர்களுக்கு அந்தச் சொற்கள் நம்மைவிட நன்றாகத் தெரியும். நாலைந்து பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து ஒரு ஸ்கேனர் வாங்கலாம். கூட்டுறவு முறை நமக்குப் புதிதல்லவே.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்பு மாற வேண்டியது ஒன்று உண்டு. அது நம் வீட்டுக் கூடத்திலும் பள்ளிக்கூடத்து வகுப்பறையிலும் இருக்கிறது. கணக்கில் மார்க்குக் குறைந்த பையனைப் பார்த்து, "நீ மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் லாயக்கு" என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அதை ஒரு வசவாக நினைத்துச் சொல்லுகிறார்கள். கையில் எண்ணெய் படியாத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று சொல்லும் பெற்றோர்களும் உண்டு. பட்டம் பெற்றுவிட்டுப் படிப்புக்குச் சம்பந்தமில்லாத சிறு வேலையில் வாடுகிறவரிடம் காட்டும் மரியாதையில் பாதியைக்கூட, ஆறு சிலிண்டரில் எது செத்தது என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்லும் மனிதரிடம் நாம் காட்டுவதில்லை. இப்படி அவமதிப்போடு அனுப்பப்படும் பிள்ளை அந்தத் தொழிலில் எப்படிப் பெருமை கொள்வான்? பெருமை கொள்ளாதவன் புதியதை ஏன் கற்பான்?

பாஸ்கலின் விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது, பக்கத்துக் காலி மனையில் மண் வெட்டிக் கொண்டிருக்கும் யந்திரத்தையும் ஒரு முறை காட்டலாம். அதைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக்கை வகுப்புக்கு அழைத்து, கால் மணி நேரம் பேசச் சொல்லலாம். பரீட்சையில் தவறினவர்கள் போகும் இடம் அன்று அது, யோசிக்கத் தெரிந்தவர்கள் போகும் இடம் என்று அன்றைக்கு மாணவர்கள் தெரிந்து கொள்வார்கள்.

டாக்டர்களுக்குப் புதிய மருந்துகளைப் பற்றிச் சொல்லப் பத்திரிகைகள் இருக்கின்றன. வக்கீல்களுக்குப் புதிய சட்டங்களைத் தொகுத்துத் தரும் புத்தகங்கள் இருக்கின்றன. ஆசிரியர்களாகிய நமக்குப் பாடத் திட்டம் மாறும்போதெல்லாம் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். மற்றத் தொழிலாளர் எல்லோருடைய தொழிலும் நிற்காமல் நடக்கக் காரணமாயிருக்கும் யந்திர வைத்தியருக்கு மட்டும், புதியதைக் கற்றுக் கொள்ள ஒரு திண்ணையாவது போட்டுக் கொடுக்க நம் சமூகத்துக்கு மனம் வர வேண்டாமா?